நீல ஸ்வெட்டருக்குக் கிடைத்த வருகைப் பதிவு

"உனக்கு ஹால் டிக்கெட் வராதும்மா" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் அக்கா டம்ளரில் இருந்த டீயை ஊத ஆரம்பித்தார்.

தேர்வுக் கட்டணம் கட்டும் ஜன்னல் அது. எனக்குப் பின்னால் வராந்தாவின் கடைசி வரைக்கும் வரிசை. வெளியே மழையா மூடுபனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளியின் வாடை வராந்தா முழுக்க. ஊட்டியில் படித்தவர்களுக்கு அந்த வாடைதான் கல்லூரி.

"ஏனுங்கக்கா வராது?"

"புள்ளியியல் பேப்பர்ல உனக்கு அட்டெண்டன்ஸ் பத்தல. முக்கால்வாசி வேணும், உனக்குப் பாதிகூட இல்ல. தங்கவேல் சாரைப் போய்ப் பாரு. அடுத்த ஆளு வாங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு யாரிடமோ சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். "ரேவதிங்கக்கா, பி.ஏ. எகனாமிக்ஸ், மூணாம் வருசம்" என்று மறுபடியும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை மறுபடியும் பார்த்தார். "அதேதாம்மா. ரேவதி."

அந்த வகுப்புக்கு நான் ஒரு நாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். பெரியம்மா மகன் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கா அட்டெண்டன்ஸ் இல்லை?

இந்தத் தொடரில் சென்ற வாரம் நான் எழுதிய, எங்கள் வெலிங்டன் பேருந்து நிறுத்தத்தில் காட்டுமாடு நின்ற கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் பட்டம் வாங்கினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, சொல்லாமல் விடுவேனா?

பட்டம் என்றால் சும்மாவா

பொருளியல் படித்தால் பொருளியலில் பாஸ் செய்தால் போதும் என்றுதான் முதல் வருடம் சேரும்போது நினைத்தேன். அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

தமிழ் வேண்டும், ஆங்கிலம் வேண்டும். நுண்ணியல், பேரியல், பொதுநிதி, பன்னாட்டு வணிகம் என்று முக்கியப் பாடங்கள் வேண்டும். துணைப்பாடம் வேண்டும், விருப்பப்பாடம் வேண்டும். அந்த விருப்பப்பாடத்தில் நம் விருப்பத்தை யாரும் கேட்க மாட்டார்கள், எந்த ஆசிரியர் சும்மா இருக்கிறாரோ அவருடைய பாடம்தான் நம் விருப்பம். சுற்றுச்சூழல் பற்றி ஒரு தாள். சுற்றிலும் காடு இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, காடு என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதினோம். நாட்டு நலப்பணியில் மரம் நட வேண்டும். நான் நட்ட கன்றை அடுத்த வாரமே மாடு தின்றது. அதற்கும் மதிப்பெண் உண்டு, மாட்டுக்கு அல்ல, எனக்கு.

பிறகு கள ஆய்வு. ஊட்டிக்கு அப்பால் எமரால்டு கிராமத்துப் பக்கம் காய்கறி போடுகிறவர்களைப் பேட்டி எடுத்து நானும் மகேசும் சேர்ந்து செய்தோம். மகேஸ்வரி என் வகுப்புத் தோழி, எமரால்டுக்காரி. தாராபுரம் பக்கமிருந்து மலை ஏறி வந்த குடும்பம், இரண்டு தலைமுறையாகக் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறார்கள். எங்கள் பேட்டியில் பாதி அவளுடைய சித்தப்பாக்கள்.

இத்தனையும் முடித்திருந்தேன். எந்தத் தாளிலும் அரியர் இல்லை. கடைசி செமஸ்டரில், குன்னூரில் தேயிலை ஏலத்தில் வாங்கி விற்கிற ஒரு கம்பெனி கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது. ஒரே ஒரு ஆள். அது நான். சந்தை நிலவரம் எழுதுகிற வேலை. "ஜூன் மாசம் டிகிரியோட வாங்க, இல்லாட்டி அடுத்த ஆளக் கூப்பிட்டுக்குவோம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல.

இப்போது அந்த ஜன்னலில் எல்லாமே நின்றுபோய்விட்டது. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, தேர்வு எழுதாவிட்டால் அடுத்த வருடம்தான்.

மஃப்ளருக்குள் யார்?

தங்கவேல் சாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கோபிக்காரர். குளிர் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. தினமும் முதல் மணி நேரம் அவருடையது, புள்ளியியல். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்கு வகுப்பில் யாருடைய முகமும் தெரியாது. குரங்குக் குல்லாய், அதன் மேல் மஃப்ளர், அதன் மேல் ஸ்கார்ஃப். ஒவ்வொருவருக்கும் கண்கள் மட்டும் வெளியே.

இதை எங்கள் வகுப்புப் பையன்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சார் பெயர் கூப்பிட்டால், வராதவனுக்கும் ஒருவன் மஃப்ளருக்குள்ளிருந்து "எஸ் சார்" சொல்லிவிடுவான். எந்த வாய் அசைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒருநாள் ஒரே பெயருக்கு மூன்று மூலையிலிருந்து "எஸ் சார்" வந்தது. அன்றோடு சார் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மேசைக்குப் பின்னால் நின்று, கைகளைத் தேய்த்துக்கொண்டே, வரிசை வரிசையாகப் பார்ப்பார். பார்த்துப் பார்த்துத் தானே குறித்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

முகமே தெரியாதபோது எதைப் பார்த்துக் குறிக்கிறார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. படித்த கூட்டம்!

"உன்ற நீல ஸ்வெட்டர் எங்கம்மா?"

ஜன்னலிலிருந்து நேராகத் துறைக்கு ஓடினேன். சார் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் தினமும் வந்தனுங்க சார்."

"இல்லீங்கம்மா ரேவதி. நானே கவனிச்சுட்டுத்தான் இருந்தேன். முதல் ரெண்டு வருசம் நீ ஒரு நாள் தவறுனதில்ல. இந்த செமஸ்டர்லதான் உனக்கு என்னமோ ஆயிப்போச்சு. பாதி நாளு உன்ற நீல ஸ்வெட்டரே கிளாஸ்ல காணோம்."

நான் என்னையே குனிந்து பார்த்துக்கொண்டேன். உடம்பில் இருந்தது ஆரஞ்சு ஸ்வெட்டர்.

விஷயம் இதுதான். அந்த டிசம்பரில் உறைபனி தொடங்கிய வாரம் மகேசுக்கு மார்ச்சளி பிடித்துக்கொண்டது. விடியும் முன்பே எமரால்டில் பேருந்துக்கு நிற்கிறவள் அவள். அவளுடைய ஆரஞ்சு ஸ்வெட்டர் முழங்கையில் நூல் நூலாகப் போயிருந்தது. என்னுடையது அம்மா இரட்டை நூலில் பின்னிய நீல ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளைக் கரை. கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, அவளுடையதை நான் போட்டுக்கொண்டேன். என்னைக் கொடை வள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆரஞ்சின் மேல் எனக்கு முதல் வருடத்திலிருந்தே ஒரு கண். வகுப்பில் அவளைக் "கேரட்" என்று கூப்பிடுவார்கள், எனக்கு அதிலும் பொறாமை.

அவள் சளி சரியானது. ஸ்வெட்டர்கள் மட்டும் இடம் மாறியபடியே இருந்துவிட்டன.

மகேசின் பேருந்தோ பாதி நாள் முதல் மணி நேரம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். மூடுபனி, வழியில் விழுந்து கிடக்கும் மரம், முத்தோரை பாலாடாவில் கேரட் மூட்டை ஏற்றும் லாரிகள். அவள் வராத நாளெல்லாம் நீல ஸ்வெட்டர் வரவில்லை, அதனால் ரேவதி ஆப்சென்ட். நான் வந்த நாளெல்லாம் ஆரஞ்சு ஸ்வெட்டர் வந்துவிட்டது, அதனால் மகேஸ்வரி பிரசென்ட்.

புரிந்ததும் "சார்!" என்று வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

நான் வந்தேன் என்று சொன்னால் மகேசு வரவில்லை என்று ஆகிவிடும். என்னுடைய ஹால் டிக்கெட் அவளிடம் இருந்தது, அவளுக்கே தெரியாமல்.

அப்பா கேட்ட கேள்வி

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் மகேசிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலைப் பொட்டலம் கையில் அப்படியே இருக்க, அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கே நான் போயி சொல்லிர்றேன், புள்ள."

"சொன்னீனா உனக்கு வருசம் போயிரும். எனக்காச்சும் ஒரு வருசம் கழிச்சு வேற வேலை கெடைக்கும். உன்னைய மறுபடியும் அனுப்புவாங்களா உங்கூட்டுல?"

அனுப்ப மாட்டார்கள். விதைக்கும் உரத்துக்கும் நடுவில்தான் அவளுடைய படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ வாயத் தொறக்கக் கூடாது. நான் பாத்துக்கறேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டில் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. அப்பாவுக்கு ராணுவ முகாமில் ஸ்டோர் பகுதியில் சிவிலியன் வேலை. குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. கல்லூரியிலிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது. ரேடியோவை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, தினமும் காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு நாந்தானே உன்னைய ஏத்தி உட்டேன்? காலேசுக்குப் போவலைன்னா நீ எங்க போனே?"

இருபது வயதுப் பெண்ணிடம் ஒரு அப்பா கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிட மோசமானது இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நான் காலேசுக்குத்தானுங்கப்பா போனேன். நாளைக்கு அவங்க வாயாலயே சொல்ல வெக்கறேன்" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

குரங்கும் எலுமிச்சை சாதமும்

மறுநாள் துறைத்தலைவர் அறை. மேடம் நடுவில், தங்கவேல் சார் பக்கத்தில். மேடம் கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார்.

"டெஸ்ட் எல்லாம் நல்லா எழுதியிருக்கே. கிளாஸுக்கு மட்டும் ஏன் வரல?"

"வந்தனுங்க மேடம். சார் ஆப்சென்ட் போட்ட நாளுல ஏதாச்சும் ஒரு நாளு கேளுங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்."

"நோட்ஸ் யாருகிட்டயும் வாங்கலாமேம்மா" என்றார் சார்.

"நோட்ஸ்ல இல்லாததச் சொல்றனுங்க சார்."

சார் பதிவேட்டைப் புரட்டினார். பொங்கல் முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். அன்று எனக்கு ஆப்சென்ட்.

"அன்னிக்குப் போர்டெல்லாம் ஈரம், சாக்பீஸே எழுதல. நீங்க பாக்கெட்டுல கைய உட்டுட்டு வாயிலயே பாடம் நடத்துனீங்க. அப்பத்தான் ஜன்னல் வழியா குரங்கு வந்து உங்க டிபன் டப்பாவத் தூக்கிட்டுப் போச்சு. எலுமிச்சை சாதம். 'சாதம் போனாப் போவுது, டப்பா எம்பொண்டாட்டியோட சீர் டப்பா'ன்னு சொல்லீட்டு டஸ்டரத் தூக்கி எறிஞ்சீங்க. குரங்கு டப்பாவப் போட்டுட்டு டஸ்டர எடுத்துட்டுப் போயிருச்சு."

மேடம் சாரைத் திரும்பிப் பார்த்தார். புது டஸ்டர் வாங்கிய கணக்குக்கு சார் வேறு காரணம் சொல்லியிருந்தார் போல. சாரின் காது சிவந்துவிட்டது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சார் இன்னும் இரண்டு நாளைக் கேட்டார். கணக்கில் கழித்தல் குறியைக் கூட்டலாகப் போட்டுவிட்டு மறுநாள் வந்து அவரே திருத்தியதைச் சொன்னேன். வகுப்புக்குள் மூடுபனி புகுந்து, முதல் பெஞ்சுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவர் கையால் வரைபடம் போட்டுக் காட்டியதைச் சொன்னேன். அந்த மூன்று நாளும் எனக்கு ஆப்சென்ட்தான்.

"இவ கிளாஸ்லதான் இருந்திருக்கா சார்" என்றார் மேடம்.

"அப்ப நான் யாரைப் பாத்தேன்?" என்று கேட்டார் சார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. "நீல ஸ்வெட்டர்னா ரேவதிதானே?"

"சார், ஒட்டுறவு, அதான் கோரிலேஷன், நடத்தறப்ப நீங்கதானே சொன்னீங்க? ஊட்டியில மழை பேஞ்சா பஜ்ஜியும் விக்கும், குடையும் விக்கும். பஜ்ஜி தின்னதாலதான் குடை வாங்குனாங்கன்னு எழுதினா முட்டை மார்க்குன்னு. எனக்கும் அந்த ஸ்வெட்டருக்கும் ரெண்டு வருசமா ஒட்டுறவு இருந்துச்சுங்க சார். ஆனா ஸ்வெட்டர் நான் ஆயிருமுங்களா?"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சார் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட நிமிடங்களில் அது ஒன்று, மறைக்க மாட்டேன்.

ஆனால் மேடம் சிரிப்பை முடித்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சரி. அந்த நீல ஸ்வெட்டரை இப்போ போட்டிருக்கிறது யாரு?"

"அத மட்டும் கேக்காதீங்க மேடம்."

"கேக்கத்தான் வேணும். உனக்குத் திருத்தினா இன்னொருத்தருக்கும் திருத்தணும்ல?"

என் வேலை, அப்பாவின் கேள்வி, எல்லாம் ஒரு பெயரில் வந்து நின்றது. அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. நீல ஸ்வெட்டர் உள்ளே வந்தது.

"நாந்தானுங்க மேடம்" என்றாள் மகேசு. மூச்சு வாங்கியது, வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "பாதி நாளு நான் முதல் பீரியடுக்கு வந்ததே இல்லீங்க. பஸ்ஸு வராதுங்க. ஆனா எனக்கு அட்டெண்டன்ஸ் எப்படி நெறைய இருந்துச்சுன்னு நேத்து இவ சொல்ற வரைக்கும் சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. இவளுக்குக் குடுத்துருங்க. இவளுது அது."

சத்தியத்தை மீறிவிட்டாள், படுபாவி. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேடம் முன்னால் அழக்கூடாது என்ற நினைப்பே வரவில்லை.

சாப்பாட்டு நேர வகுப்பு

தங்கவேல் சார்தான் மகேசுக்கு வழி சொன்னார். தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சிறப்பு வகுப்பு நடத்தினால் அந்த மணி நேரங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி இருந்தது. "சாயங்காலம் வெச்சா இந்தப் புள்ளைக்கு எமரால்டு பஸ்ஸு போயிரும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வெச்சுக்கலாம். சனிக்கிழமையும் நான் வர்றேன்" என்றார்.

"உங்க சாப்பாடு சார்?" என்று மேடம் கேட்டார்.

"சாப்பிட்டுக்கிட்டே நடத்துவனுங்க. ஜன்னலை மட்டும் சாத்தி வெச்சுக்கறேன்."

அப்படியேதான் நடத்தினார். என் வருகையைத் திருத்திவிட்டார்கள், எனக்கு அந்த வகுப்பு தேவையில்லை, இருந்தும் போனேன். மூன்றாம் நாள் பார்த்தால் பாதி வகுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அன்றாட முதல் மணி நேரத்தில் மஃப்ளருக்குள் தூங்கியவர்களெல்லாம் இப்போது சோற்றுப் பொட்டலத்தோடு புள்ளியியல் படித்தார்கள். சார் ஒவ்வொருவரையும் குல்லாயைக் கழற்றச் சொல்லி, முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டுக் குறித்தார். மூன்று வருடம் பாடம் நடத்தியவர், சிலரைப் பார்த்து "அட, உனக்கு மீசை இருக்குதா?" என்றார்.

அப்பாவுக்குக் கல்லூரியிலிருந்து மறுபடியும் போன் போனது. தங்கவேல் சாரே பேசினார். என்ன பேசினார் என்று அப்பா எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை வெலிங்டன் நிறுத்தத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, பேருந்துக்கு நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "எம்புள்ள மூணு வருசத்துல ஒரு நாள்கூட லீவு போட்டதில்லீங்க." யாரும் அவரிடம் கேட்கவில்லை. பால்காரரிடமும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

எமரால்டு பேருந்து

இரண்டு பேரும் தேர்வு எழுதினோம். முடிவு வந்த நாளில் நான் மகேசின் ஊர்க் கோயில் நோம்பிக்கு, திருவிழாவுக்கு, போய்க்கொண்டிருந்தேன், அவளோடு அதே பேருந்தில். கூட்டமான கூட்டம். ரிசல்ட் வந்துவிட்டது என்று யாரோ தகவல் அனுப்ப, இருவரும் போனை எடுத்தோம்.

என்னுடையது உடனே திறந்துவிட்டது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி. குன்னூர் வேலை என்னுடையது. கத்த வாயைத் திறந்தவள் மகேசைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவளுடைய போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும், அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அண்ணா, பஸ்ஸ நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினாள் மகேசு.

டிரைவர் பிரேக்கைப் போட்டார். "ஏனுங்க, என்ன ஆச்சு?" என்று முன்னாலிருந்து கேட்டார்கள். "அந்தப் புள்ளைக்கு ரிசல்ட்டுங்க, இங்கதான் டவர் கெடைக்கும்" என்று, தினமும் அவளை ஏற்றிவரும் கண்டக்டர் சத்தம் போட்டுச் சொன்னார். அவ்வளவுதான், பேருந்தே அமைதியாகிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கூடையோடு நின்ற ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனை ஒரு அதட்டல் போட்டார்.

பக்கம் திறந்தது. மகேசு போனை என் கையில் திணித்துவிட்டாள், நான்தான் படித்தேன். பொதுநிதி, தேர்ச்சி. பன்னாட்டு வணிகம், தேர்ச்சி. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். புள்ளியியல், தேர்ச்சி. அதுவும் என்னைவிட ஏழு மார்க் கூட! தினமும் முதல் மணி நேரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவள் நான், மார்க் அவளுக்கு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

"பாஸுடி மகேசு! எல்லாத்துலயும் பாஸு!"

அவள் கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கத்தியதெல்லாம் பேருந்துதான். கண்டக்டர் விசில் ஊதினார், ஒரு முறை ஊத வேண்டியதை நாலைந்து முறை ஊதினார்.

அங்கிருந்து எமரால்டு போய்ச் சேரும் வரைக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களிடமெல்லாம், எங்கே போக வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அவர் சொன்னது இதைத்தான்: "ஏறுங்க, ஏறுங்க. நம்ம மகேசு டிகிரி முடிச்சிருச்சுங்க!"